துப்பறியும் பிறந்தநாள்: வழக்கை எழுதுவது முதல் மெழுகுவர்த்தி ஏற்றுவது வரை

துப்பறியும் விளையாட்டை வைத்துக் குழந்தையின் பிறந்தநாளைக் கொண்டாடலாம் என்று முடிவானதும், நம் கை முதலில் அலங்காரத்தின் பக்கம்தான் போகும். தொப்பி, பூதக்கண்ணாடி, மஞ்சள் நாடா, சுவரில் ஒட்டக் காலடித் தடங்கள். எல்லாம் இருக்கட்டும், அழகுதான். ஆனால் விழா முடிந்து வீட்டுக்குப் போகிற குழந்தை செருப்பைக் கழற்றும் முன்பே "நாங்களே கண்டுபிடிச்சோம்!" என்று சொல்ல வேண்டும். அந்த "நாங்களே" கிடைத்துவிட்டால் அலங்காரம் குறைந்ததை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

நான் முதன்முதலில் இப்படி ஒரு விழா நடத்தியபோது கடைசித் தடயத்தை ஒரு நாற்காலி மெத்தைக்குக் கீழே வைத்திருந்தேன். வந்து உட்கார்ந்த முதல் பையன் ஐந்தாவது நிமிடத்தில் அதை எடுத்து என்னிடம் நீட்டினான். வழக்கு அங்கேயே முடிந்துபோனது. மீதி நேரமெல்லாம் நானே பேசி, நானே இழுத்துப் பிடித்து, நானே விடையும் சொன்னேன். பிள்ளைகள் சமர்த்தாகக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் இன்னும் மனதை உறுத்துகிறது. ஒளித்து வைத்ததைத் தேடி எடுப்பது வேறு, யோசித்துக் கண்டுபிடிப்பது வேறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கீழே சொல்லியிருப்பது எல்லாம் இரண்டாவது வகைக்கு.

முதலில் முடிவு, பிறகு தொடக்கம்

வழக்கை எப்போதும் கடைசியிலிருந்து எழுதுங்கள். என்ன காணாமல் போனது, யார் எடுத்தார், ஏன் எடுத்தார், இப்போது எங்கே இருக்கிறது. இந்த நான்குக்கும் விடை எழுதி முடிக்காமல் ஒரு தடயத்தைக்கூடத் தயார் செய்ய வேண்டாம்.

என்ன காணாமல் போகலாம் என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். கொலை, ரத்தம், கடத்தல் எதுவும் வேண்டாம். பெரிய பிள்ளைகள் கேட்டாலும் வேண்டாம். கூட்டத்தில் ஒரு குழந்தையாவது இரவில் தூங்காமல் கிடக்கும். பிறந்தநாள் குழந்தையின் பரிசைக் காணாமல் போகவைப்பதும் கூடாது. விளையாட்டு என்று தெரிந்தாலும் தன் பொருள் போய்விட்டது என்றால் ஐந்து வயதுக்கு அழுகை வந்துவிடும். வந்திருக்கும் பிள்ளைகளில் ஒருவரைத் திருடனாக வைப்பது எல்லாவற்றையும்விட மோசம். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாலும், பத்துப் பேர் விரலை நீட்டி "நீதான்!" என்று கத்தும்போது அந்தக் குழந்தையின் முகம் சுருங்கிவிடும்.

என்னைக் கேட்டால் கேக்கில் வைக்கும் மெழுகுவர்த்தியைத்தான் சொல்வேன். சின்னப் பொருள், எங்கும் ஒளித்து வைக்கலாம். அது கிடைத்தால்தான் கேக் வெட்ட முடியும் என்பதால் எல்லோருக்கும் அவசரம் தானாக வந்துவிடும். கிடைத்த கையோடு ஏற்றி விழாவை முடிக்கலாம். எடுத்தவருக்கும் ஒரு நல்ல காரணம் கொடுங்கள். ஜன்னலோரம் வெயில் பட்டு மெழுகுவர்த்தி வளைந்துவிடுமே என்று தோட்டக்காரர் அதை நிழலில் எடுத்து வைத்தார், சொல்ல மறந்துவிட்டார். அவ்வளவுதான் குற்றம்.

ஆறு பேர், நான்கு தடயங்கள்

ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு ஆறு சந்தேக நபர்களும் நான்கு தடயங்களும் சரியான அளவு. ஒவ்வொரு தடயமும் சிலரைப் பட்டியலிலிருந்து நீக்கும். கடைசியில் ஒருவர் மிஞ்சுவார். நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள ஒரு வழக்கை இங்கே தருகிறேன். இதில் 'அ', 'ஆ' என்பவை இரண்டு கம்பெனிகளின் கறுப்புப் பேனாக்கள்; கண்ணி, சுழி என்பவை கைரேகை வகைகள்.

ஓவியர்: ஷூ நீளம் 28 செ.மீ., 'அ' வகைப் பேனா, கண்ணி ரேகை, பச்சை உடை.
மந்திரவாதி: 28 செ.மீ., 'அ' பேனா, சுழி ரேகை, சிவப்பு உடை.
தபால்காரர்: 28 செ.மீ., 'ஆ' பேனா, சுழி ரேகை, பச்சை உடை.
பாடகி: 22 செ.மீ., 'அ' பேனா, சுழி ரேகை, பச்சை உடை.
சமையல்காரர்: 22 செ.மீ., 'ஆ' பேனா, கண்ணி ரேகை, பச்சை உடை.
தோட்டக்காரர்: 28 செ.மீ., 'அ' பேனா, சுழி ரேகை, பச்சை உடை.

சம்பவ இடத்தில் கிடைப்பவை 28 செ.மீ. காலடி, 'அ' பேனாவில் எழுதிய ஒரு சீட்டு, ஒரு சுழி ரேகை, ஒரு பச்சை நூல்.

இப்போது ஒரு தடயத்தை மட்டும் மறைத்துவிட்டுப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். காலடி இல்லாவிட்டால் பாடகியை விலக்க வழியே இல்லை. பேனா இல்லாவிட்டால் தபால்காரர் தப்பிக்கவே மாட்டார். ரேகை இல்லாவிட்டால் ஓவியர், நூல் இல்லாவிட்டால் மந்திரவாதி. அதாவது ஒவ்வொரு தடயத்துக்கும் அது மட்டுமே விலக்கக்கூடிய ஆள் ஒருவர் இருக்கிறார். நீங்கள் சொந்தமாக வழக்கு எழுதும்போது சரிபார்க்க வேண்டியது இதைத்தான். இது சரியாக இருந்தால் யாராலும் பாதியில் விடையைச் சொல்லிவிட முடியாது. எந்தத் தடயத்தை முதலில் பார்த்தாலும் கடைசியில் வருபவர் ஒரே ஆள்தான் என்பதால், குழுக்கள் வெவ்வேறு இடத்திலிருந்து தொடங்கலாம். ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்க வேண்டாம்.

ஒவ்வொருவருக்கும் உள்ளங்கை அளவில் ஓர் அட்டை தயார் செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்கள் வேஷம் கட்டி எடுத்துக்கொண்ட போட்டோ என்றால் பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் பார்ப்பார்கள். படம் வரைந்தாலும் போதும். ஷூ நீளத்தை எண்ணால் எழுதுங்கள், ரேகை வகையைப் பெயரால் எழுதுங்கள், உடைத் துணியில் ஒரு துண்டு வெட்டி ஒட்டுங்கள். பேனாவுக்கு என்ன ஒட்டுவது என்பதைப் பின்னால் சொல்கிறேன். 28, 22 என்று இடைவெளி பெரிதாக இருப்பது வேண்டுமென்றேதான். 28, 27 என்று வைத்தால் ஸ்கேலை ஒருவர் சாய்த்துப் பிடிக்க, அரைமணி நேரம் அதிலேயே வாக்குவாதம் ஓடும்.

தடயங்களைச் செய்வது

காலடி மிகச் சுலபம். ஷூவைத் தாளில் வைத்து விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு, வெட்டி, தரையில் ஒட்டிவிடுங்கள். நீளம் சரியாக 28 இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். தரையில் மாவு தூவித் தடம் பதிப்பது போட்டோவில் நன்றாக இருக்கும், ஆனால் வழவழத் தரையில் ஓடுகிற பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள். தாளே போதும்.

நூலுக்கு ஒரு வரி போதும்: பச்சை நூலை ஜன்னல் கொக்கியில் சிக்கியதுபோல் மாட்டுங்கள், எடுத்து ஜிப் கவரில் போடச் சொல்லுங்கள்.

கைரேகை கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. ரேகைகளில் மூன்று பெரும் வகைகள் உண்டு. கோடுகள் ஒரு பக்கம் புகுந்து வளைந்து அதே பக்கம் திரும்பினால் கண்ணி. நடுவில் வட்டமாகச் சுற்றினால் சுழி. ஒரு பக்கம் நுழைந்து மேடுபோல் எழும்பி மறுபக்கம் வெளியேறினால் வில். மனிதர்களிடம் அதிகம் காணப்படுவது கண்ணிதான், ஏறத்தாழ 60 முதல் 65 சதவீதம். வில் சுமார் 5 சதவீதம்தான். சம்பவ இடத்து ரேகைக்கு நான் சுழியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், சின்னக் கண்ணுக்கும் அது சட்டென்று பிடிபடும். உங்கள் விரல்களைப் பாருங்கள். கட்டைவிரலிலோ மோதிர விரலிலோ சுழி இருக்க வாய்ப்பு அதிகம். இல்லாவிட்டால் வீட்டில் யாருக்காவது இருக்கும்.

விளையாட்டு தொடங்குவதற்குச் சற்று முன், அந்த விரலில் கொஞ்சம் கிரீம் தடவி, துடைத்துவிட்டு, சுத்தமான கண்ணாடித் தம்ளரில் அழுத்துங்கள். பிள்ளைகள் மென்மையான பிரஷால் கோக்கோ பவுடரைத் தொட்டு மேலே லேசாகத் தடவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குள்ள கோடுகளில் பவுடர் ஒட்டும், மற்ற இடத்தில் உதிரும். மேலே செலோடேப்பை ஒட்டி உரித்து வெள்ளைத் தாளில் ஒட்டினால் ரேகை அப்படியே வந்துவிடும். முகத்துக்குப் போடும் பவுடரைப் பயன்படுத்த வேண்டாம். பத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஊதும்போது மூச்சில் போகும். பிரஷை அழுத்தித் தேய்த்தால் ரேகை கலைந்துவிடும் என்பதால், பக்கத்தில் இன்னும் இரண்டு தம்ளர்களில் ரேகை பதித்துத் தயாராக வைத்திருங்கள்.

ஒரு சிக்கல் இங்கே உண்டு. "கைரேகை ஒவ்வொருத்தருக்கும் வேறதானே? இதை வச்சே ஆளைப் பிடிச்சிடலாமே?" என்று ஒரு குழந்தை கட்டாயம் கேட்கும். கேட்க வேண்டிய கேள்வி, பாராட்டிவிடுங்கள். ஒரே முகச்சாயல் கொண்ட இரட்டையருக்குக்கூட ரேகை வேறுவேறுதான். அதனால்தான் சந்தேக நபர் அட்டையில் ரேகையைப் பதிக்காமல் வகையை மட்டும் எழுதச் சொன்னேன். "ரேகை பாதி அழிந்திருக்கிறது, வகையை மட்டும்தான் சொல்ல முடியும்" என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். உண்மையான விசாரணைகளிலும் பாதி ரேகைதான் பெரும்பாலும் கிடைக்கும்.

பேனா மைச் சோதனையைத்தான் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். மெழுகுவர்த்தி இருந்த இடத்தில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில் "பத்திரமாக இருக்கிறது" என்று எழுதிய சீட்டு கிடக்கும். அந்த மையின் மாதிரி என்று சொல்லி, காபி வடிகட்டும் தாளை விரல் அகல நாடாக்களாக வெட்டி, அடியிலிருந்து இரண்டு செ.மீ. மேலே அதே பேனாவால் கெட்டியாக ஒரு புள்ளி வைத்துக் கொடுங்கள். நாடாவின் நுனி மட்டும் நனையும்படி தண்ணீரில் நிறுத்த வேண்டும். புள்ளி தண்ணீருக்குள் முங்கக் கூடாது, முங்கினால் மை கரைந்து தம்ளருக்குள் போய்விடும். தண்ணீர் தாளில் ஏற ஏற, கறுப்பு என்று நினைத்த மை நீலமாகவும் ஊதாவாகவும் மஞ்சளாகவும் பிரியும். ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். தாவர நிறமிகளைப் பிரிக்க மிகயில் ஸ்வெட் என்ற விஞ்ஞானி 1900களின் தொடக்கத்தில் கண்டறிந்த முறையின் எளிய வடிவம் இது.

முன்னதாகவே இரண்டு கம்பெனிப் பேனாக்களில் இதைச் செய்து, காய்ந்த நாடாக்களை அந்தந்தச் சந்தேக நபர் அட்டையில் ஒட்டிவிடுங்கள். பிள்ளைகள் தங்கள் நாடாவை அட்டையோடு ஒப்பிட்டால் போதும். கண்டிப்பாக வீட்டில் சோதித்துப் பார்த்தே பேனாவைத் தேர்ந்தெடுங்கள். அழியாத மார்க்கர் தண்ணீரில் அசையவே அசையாது. சில கறுப்புப் பேனாக்களில் ஒரே நிறம்தான் இருக்கும், பிரிவதற்கு ஒன்றும் இராது.

நம் எழுத்திலேயே ஒரு பூட்டு

ஆளைக் கண்டுபிடித்தாயிற்று, பொருள் எங்கே? தோட்டக்காரரின் தொப்பிக்குள் ஒரு சங்கேதச் சீட்டு இருக்கட்டும். எழுத்துகளை ஓரிடம் தள்ளி எழுதும் முறை தமிழில் அவ்வளவு சரிப்படாது, எழுத்துகள் 247 ஆயிற்றே. ஆனால் நம் உயிர்மெய் அட்டவணையே பிரமாதமான சங்கேதக் கட்டம். மெய் பதினெட்டுக்கும் க் முதல் ன் வரை 1 முதல் 18. உயிர் பன்னிரண்டுக்கும் 1 முதல் 12. முதல் எண் மெய், இரண்டாவது எண் உயிர். புள்ளி வைத்த எழுத்துக்கு இரண்டாவது எண் 0. உயிரெழுத்து தனியாக வந்தால் முதல் எண் 0.

9-6, 8-0, 7-10, 5-0, 5-3

ஒன்பதாவது மெய் ப், ஆறாவது உயிர் ஊ; சேர்ந்தால் பூ. எட்டு, பூஜ்யம் ந். ஏழும் பத்தும் தொ. பிறகு ட், டி. பூந்தொட்டி! அட்டவணையைத் தலைப்பு எண்களோடு ஒரு பெரிய தாளில் எழுதி வேறோர் அறையில் ஒட்டிவையுங்கள். சீட்டு இங்கே, அட்டவணை அங்கே. ஒருவர் ஓடிப்போய்ப் பார்த்துக் கத்த, இன்னொருவர் எழுதிக்கொள்வார். வீட்டில் அந்த ஐந்து நிமிடம் எழும் கூச்சலைக் கேட்டாலே மனசு நிறைந்துவிடும்.

படிக்க இன்னும் பழகாத சின்னவர்களுக்கு மெழுகு எழுத்து போதும். வெள்ளைத் தாளில் வெள்ளை கிரயான் அல்லது மெழுகுவர்த்தியால் பூந்தொட்டியின் படம் வரைந்து கொடுங்கள். மேலே வாட்டர் கலர் பூசினால் மெழுகு பட்ட இடத்தில் நிறம் ஒட்டாது, படம் வெளியே வரும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து எழுதிக் காயவைத்து, மஞ்சள்தூள் கலந்த தண்ணீரைப் பூசினால் எழுத்து செம்மையாகத் தெரியும். இதுவும் நன்றாக வரும், ஆனால் உடையில் மஞ்சள் கறை போகாது. எலுமிச்சைச் சாற்றில் எழுதிச் சூடு காட்டுவது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. கூட்டமாகப் பிள்ளைகள் நிற்கும் இடத்தில் நெருப்பும் இஸ்திரிப்பெட்டியும் வேண்டவே வேண்டாம்.

கறுப்பு வெளிச்சம் எனப்படும் புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் மைப் பேனாக்கள் டார்ச்சோடு சேர்ந்து விற்கின்றன. அவற்றுள் பெரும்பாலும் பட்டன் பேட்டரி இருக்கும். ஒரு குழந்தை அதை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாய் புண்ணாகி உயிருக்கே ஆபத்தாகும். பேட்டரி மூடி ஸ்குரூ போட்டு இறுக்கியதாக இல்லாவிட்டால் வாங்காதீர்கள். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் அந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

வயதுக்குத் தக்கபடி

ஐந்து, ஆறு வயதென்றால் மூன்று சந்தேக நபர்கள், இரண்டு தடயங்கள், இருபது நிமிடம். சந்தேக நபர்கள் பொம்மைகளாக இருந்தால் இன்னும் நல்லது. கரடியை விசாரிக்கச் சொன்னால் அவர்களே கேள்வியும் கேட்டு, கரடிக்காகப் பதிலும் சொல்வார்கள். பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு மேலே சொன்ன வழக்கு சற்று எளிது. ஒரு பொய்ச் சாட்சியைச் சேருங்கள்: "நான் அப்போது மாடியில் பாடிக்கொண்டிருந்தேன்" என்று பாடகி எழுதிக் கொடுத்த வாக்குமூலம், "வீடே அமைதியாக இருந்தது" என்று மற்ற மூவர் சொன்னதோடு மோதட்டும். அவர் பொய் சொன்னார், ஆனால் எடுத்தது அவரில்லை. பொய் சொன்னவரே குற்றவாளி என்று அவசரப்படக் கூடாது என்பதை அந்த வயது ரசித்துப் புரிந்துகொள்ளும். ஆனால் அவர் ஏன் பொய் சொன்னார் என்பதற்கும் ஒரு காரணம் கையில் இருக்கட்டும், விடாமல் கேட்பார்கள். பிறந்தநாள் பாட்டை ரகசியமாக எழுதிக்கொண்டிருந்தார் என்று சொல்லிவிடுங்கள்.

கலந்த வயதென்றால் ஒவ்வொரு குழுவிலும் படிக்கத் தெரிந்த ஒருவரும் கைவேலையில் ஆசையுள்ள சின்னவர் ஒருவரும் இருக்கும்படி மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். நான்கு பேரைத் தாண்டினால் ஒருவர் ஓரமாக நின்றுவிடுவார்.

பிறந்தநாள் குழந்தைக்கு விடை தெரியலாமா?

தெரியக் கூடாது என்பது என் கட்சி. தலைமை அதிகாரியாக்கி, விடையைச் சொல்லி வைக்கும் பெற்றோர் உண்டு. அந்தக் குழந்தை ஒரு மணி நேரம் வாயைப் பொத்திக்கொண்டு, தன் பிறந்தநாளில் தான் மட்டும் விளையாடாமல் நிற்கும். அதற்குப் பதில் பேட்ஜ் வெட்டுவது, அழைப்பிதழில் "ரகசியம்" என்று சிவப்பில் முத்திரை குத்துவது, நோட்டுப் புத்தகங்களில் பெயர் எழுதுவது போன்ற வேலைகளை அவளிடமோ அவனிடமோ கொடுங்கள். தடய வேலைகளைத் தூங்கிய பிறகு செய்யுங்கள்.

அழைப்பிதழை மூன்று வாரத்துக்கு முன் அனுப்பினால் சௌகரியம். சங்கேத எழுத்தில் ஒரு வரி இருக்கட்டும், ஆனால் நாள், நேரம், இடம் மூன்றையும் பெற்றோர் படிக்கும்படி தெளிவாக எழுதுங்கள். ஒவ்வாமை ஏதாவது உண்டா என்றும் அதிலேயே கேட்டுவிடுங்கள். வேஷம் போட்டு வரச் சொல்ல வேண்டியதில்லை, வாசலில் பேட்ஜ் குத்தினாலே போதும். இரண்டு வாரத்துக்கு முன் வழக்கும் அட்டைகளும் முடிந்திருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு முன் ஒத்திகை.

ஒத்திகையை மட்டும் விட்டுவிடாதீர்கள். வழக்கே தெரியாத ஒருவரை, முடிந்தால் விருந்தினர்களின் வயதையொத்த ஆனால் விழாவுக்கு வராத ஒரு பிள்ளையை உட்காரவைத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். எங்கே தயங்குகிறார், எதைத் தவறாகப் படிக்கிறார், எதை நீங்கள் நினைக்காத விதத்தில் புரிந்துகொள்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். என் அட்டையில் 'சுழி' என்று எழுதியிருந்ததைப் படித்த ஒரு பெண் தம்ளரை விட்டுவிட்டு, போட்டோவில் மந்திரவாதியின் நெற்றிச் சுருள் முடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாளே மூன்று ரேகை வகைகளையும் படமாக வரைந்து தம்ளருக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

அன்றைக்கு

மொத்தம் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். துப்பறிவது அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது.

எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சேர மாட்டார்கள். முதல் இருபது நிமிடத்துக்கு அடையாள அட்டை செய்யும் மேஜை போடுங்கள். பென்சிலால் தாளில் அடர்த்தியாகத் தேய்த்து, அந்தக் கரியில் விரலை உருட்டி, விரல்மேல் செலோடேப்பை ஒட்டி உரித்து அட்டையில் ஒட்டினால் ரேகை அச்சடித்ததுபோல் வரும். தனக்குக் கண்ணியா சுழியா என்று பூதக்கண்ணாடியில் பார்த்து எழுதிக்கொள்ளட்டும். பின்னால் தம்ளரில் கிடைக்கும் ரேகையைப் படிக்க இதுவே பயிற்சி. பெரிய பிள்ளைகள் இருந்தால், 1897-ல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் தொடங்கப்பட்டதையும், ரேகைகளை வகைபிரிக்கும் முறையை உருவாக்கியதில் அசிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இருவருக்குப் பெரும்பங்கு இருந்ததையும் சொல்லுங்கள். பூதக்கண்ணாடியோடு யாரும் வெயிலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாள் பற்றிக்கொள்ளும்.

அட்டை செய்துகொண்டிருக்கும்போதே ஒரு பெரியவர் கோட் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, அலமாரியில் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு பேசாமல் போகட்டும். ஐந்து நிமிடம் கழித்துக் கேளுங்கள்: கோட் என்ன நிறம்? எந்தக் கையால் எடுத்தார்? கண்ணாடி போட்டிருந்தாரா? ஆளுக்கொரு பதில் வரும், ஒவ்வொருவரும் சத்தியம் செய்வார்கள். பார்த்த சாட்சி மட்டும் ஏன் போதாது, தடயம் ஏன் வேண்டும் என்று விளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. 1910-ல் பிரான்சின் லியோன் நகரில் காவல்துறைக்கென்று ஆய்வகம் தொடங்கிய எட்மண்ட் லோகாரின் கருத்தை அப்போது சொல்லுங்கள்: இரண்டு பொருள்கள் தொட்டுக்கொண்டால் ஒன்றின் சுவடு மற்றொன்றில் தங்கும்.

பிறகு வழக்கை அறிவியுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். மை நாடாவுக்கு நேரம் பிடிக்கும் என்பதால், எந்தக் குழுவாக இருந்தாலும் முதலில் நாடாவைத் தண்ணீரில் நிறுத்திவிட்டு மற்ற இடங்களுக்குப் போகச் சொல்லுங்கள். ஓர் இடத்துக்குப் பத்து நிமிடம். சுவரில் ஆறு போட்டோக்களும் ஒட்டிய பெரிய பலகை இருக்கட்டும். ஒருவரை விலக்க வேண்டுமென்றால் குழு அங்கே வந்து, எந்தத் தடயத்தால் விலக்குகிறோம் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே குறுக்குக் கோடு போடலாம். முதலில் முடித்தவருக்குப் பரிசு என்று போட்டி வைக்காதீர்கள். போட்டி வந்தால் யோசிப்பதை விட்டுவிட்டு எதிர்க்குழுவின் நோட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பெரியவர்களுக்குத்தான் இப்போது சோதனை. ஒரு குழு திணறும்போது விடை நம் நாக்கு நுனி வரை வந்து நிற்கும். மூன்று நிமிடம் பொறுங்கள். அதற்கும் பிறகு தேவைப்பட்டால் உதவிக் கவரைக் கொடுங்கள். ஒவ்வொரு தடயத்துக்கும் இரண்டு கவர்கள் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். முதலாவது எங்கே பார்க்கலாம் என்று சொல்லும், இரண்டாவது எதைப் பார்க்கலாம் என்று சொல்லும். விடையை எந்தக் கவரும் சொல்லக் கூடாது. தவறான ஆளை விலக்க வந்தால் "தப்பு" என்று சொல்லாமல் "எதை வச்சு அப்படிச் சொல்றே?" என்று கேளுங்கள். பாதித் தவறுகளை அவர்களே அங்கேயே திருத்திக்கொள்வார்கள்.

ஒரு விழாவில் அதிகம் பேசாத சின்னப் பெண் ஒருத்தி, எல்லோரும் பலகையில் கோடு போட அடித்துக்கொண்டிருந்தபோது பச்சை நூல் இருந்த கவரை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு அட்டைத் துணிமேலும் வைத்து வைத்துப் பார்த்தாள். மந்திரவாதி அட்டையில் வைத்ததும் நின்றாள். மறுபடி வைத்தாள். பிறகு மெதுவாக, "இவர் இல்ல" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. நான் உரக்கச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அவள் பக்கத்திலிருந்த பையனின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கவரைக் காட்டினாள். அவன் திரும்பி, "டேய், மந்திரவாதி இல்லடா!" என்று கத்த, கோடு போடும் மார்க்கரை அவள் கையில்தான் கொடுத்தார்கள்.

ஒருவர் மட்டும் மிஞ்சியதும் எல்லோரையும் பலகைக்கு முன் உட்காரவையுங்கள். குழுவுக்கு ஒரு தடயமாக அவர்களே விளக்கட்டும். பிறகு தோட்டக்காரர் வேஷம் போட்டவர் வந்து தொப்பியைக் கழற்ற, சங்கேதச் சீட்டு விழும். பூந்தொட்டியில் மெழுகுவர்த்தியை எடுத்து வருவது பிறந்தநாள் குழந்தையின் வேலை. எதற்கும் இன்னொரு மெழுகுவர்த்தி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும்.

பலூன் கட்டியிருந்தால் உடைந்த துண்டுகளை உடனுக்குடன் பொறுக்கிவிடுங்கள். சின்னவர்கள் வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கோக்கோ பவுடர் ஈரத்துணிக்கே போய்விடும்.

கிளம்பும்போது நோட்டும் அடையாள அட்டையும் அவர்களோடு போகட்டும். கூடவே ஆளுக்கு ஒரு சீட்டு கொடுங்கள். அட்டவணையைக் கொடுக்க வேண்டாம், வீட்டில் உட்கார்ந்து அவர்களே எழுதிக்கொள்வார்கள். சீட்டில் இவ்வளவுதான் இருக்கும்:

8-1, 18-0, 17-3